ஒரு ஜெர்மானியப் பெயரின் வேரைக் கண்டறியும் முறை

ராபர்ட் என்ற பெயருக்குப் பொருள் தேடுபவருக்குப் ‘புகழால் ஒளிர்பவன்’ என்ற விடை நொடியில் கிடைத்துவிடும். அந்த விடையில் பாதி சரி. ‘புகழ்’, ‘ஒளி’ என்னும் இரண்டு சொற்கள் அந்தப் பெயருக்குள் இருப்பது உண்மை. அவற்றுக்கு நடுவே நிற்கும் ‘ஆல்’ என்னும் வேற்றுமை உருபு மட்டும் பெயர் அகராதியைத் தொகுத்தவர் தம் கையிலிருந்து போட்டது. ஜெர்மானியப் பெயர்களைப் பற்றிப் புழங்கும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படி இல்லாத உருபைப் போட்டுப் பொருள் கொள்வதிலிருந்தே பிறக்கின்றன. ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அது எந்த மொழியிலிருந்து வந்தது, எந்தச் சொற்களால் ஆனது, எது வரை பொருள் சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஒருவர் தாமே கண்டறியும் வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பெயர் ஜெர்மானியம்தானா?

ஜெர்மானியப் பெயர் என்றால் ஜெர்மனி நாட்டில் வழங்கும் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிராங்குகள், கோத்தியர், லொம்பார்டுகள், ஆங்கிலோ-சாக்சன்கள், ஸ்காண்டிநேவியர் ஆகியோர் பேசிய மொழிகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி சிதைந்தபோது பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி ஆகிய நிலங்களில் ஆட்சியைப் பிடித்த ஃபிராங்குகளும் கோத்தியரும் லொம்பார்டுகளும் காலப்போக்கில் தம் மொழியை விட்டுவிட்டார்கள், பெயர்களை விடவில்லை. எனவே லூயி, ரோட்ரிகோ, அல்ஃபோன்சோ, உம்பெர்த்தோ ஆகியவை ஜெர்மானியப் பெயர்கள். மாறாக, ஜெர்மன் பெயர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஹான்ஸ், எபிரேயத்திலிருந்து வந்த யோஹான்னஸ் என்ற பெயரின் மரூஉ. கிளாவுஸ் என்பது நிக்கோலாவுஸ் என்ற கிரேக்கப் பெயரின் வால். மார்கரெட்டே என்பதும் கிரேக்கமே; அதற்கு முத்து என்று பொருள். ஆகையால் பெயர் இன்று எந்த நாட்டில் வழங்குகிறது என்பதை வைத்து முடிவு கட்டாமல், உள்ளே இருக்கும் சொற்களைப் பார்க்க வேண்டும்.

உருவ ஒற்றுமையும் ஏமாற்றும். தியோடோர், தியோடோரிக் என்னும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் அண்ணன் தம்பி போலத் தோன்றும். முதலாவது ‘கடவுள்’, ‘கொடை’ என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. இரண்டாவதில் இருப்பவை ‘மக்கள்’ என்று பொருள்படும் ‘தியுடா’, ‘ஆள்பவன்’ என்று பொருள்படும் ‘ரீக்’ ஆகிய ஜெர்மானியச் சொற்கள். லத்தீன் எழுத்தர்கள் தமக்குப் பழகிய தியோடோரின் சாயலில் அதை எழுதிவைத்ததால் வந்த ஒற்றுமை இது. இந்தப் பொறியில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். அமாலியா, எமிலியா இணையும் இத்தகையதே: அமாலியா ‘அமல்’ என்னும் ஜெர்மானியக் கூறிலிருந்து வந்தது, எமிலியாவோ எமிலியுஸ் என்னும் ரோமானியக் குடிப்பெயரின் பெண்பால்.

இதற்குமுன் ஒரு நடைமுறைக் குறிப்பைச் சொல்லியிருக்க வேண்டும். பெயரின் வடிவங்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து வைத்துக்கொண்டு ஆராயாதீர்கள். நம் எழுத்தில் வல்லினத்தின் ஒலிப்புடைய, ஒலிப்பில்லாத இணைகளுக்கு ஒரே குறியீடுதான் உண்டு. இந்த ஆராய்ச்சியிலோ அந்த வேறுபாட்டில்தான் பெயரின் வரலாறே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வடிவத்தையும் மூல ஆவணத்தில் உள்ள ரோமன் எழுத்துக்கூட்டலிலேயே குறித்துக்கொண்டு, பக்கத்தில் தமிழ் ஒலிப்பை எழுதுவது நல்லது.

பழைய வடிவத்தைத் தேடுதல்

இன்றைய வடிவத்தை வைத்துக்கொண்டு பொருள் சொல்வது, மரூஉவை வைத்துக்கொண்டு பகுபத உறுப்பிலக்கணம் எழுதுவதைப் போன்றது. லூயி என்பதைப் பிரித்தால் ஒன்றும் கிடைக்காது. அதையே 9ஆம் நூற்றாண்டு லத்தீன் ஆவணங்களில் வரும் ‘ஹ்லுடோவிகுஸ்’ என்ற வடிவத்தில் பார்த்தால், லத்தீன் ஈறான ‘உஸ்’ஸை நீக்கியதும் ‘ஹ்லுட்’, ‘வீக்’ என்னும் இரண்டு உறுப்புகள் தாமாகவே பிரிந்து நிற்கும். முன்னது ‘பேரொலி, பெயர் பரவுதல்’ என்னும் பொருளது, பின்னது ‘போர்’. ஜெர்மன் லுட்விக், பிரெஞ்சு லூயி, 511இல் இறந்த ஃபிராங்கிய அரசன் குளோவிஸ் ஆகிய மூன்றும் ஒரே பெயர் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

பழைய வடிவங்கள் எங்கே கிடைக்கும்? நிலக்கொடைப் பத்திரங்கள், வரிப் பதிவுகள், மடாலயங்களில் இறைவேண்டலுக்காக எழுதிவைக்கப்பட்ட பெயர்ப் பட்டியல்கள் ஆகியவையே முதன்மை ஆதாரங்கள். கான்ஸ்டன்ஸ் ஏரியிலுள்ள ரைஹெனாவ் மடாலயத்தில் 824ஐ ஒட்டித் தொடங்கப்பட்ட ஒரு நூலில் மட்டும் சுமார் 38,000 பெயர்கள் உள்ளன. இங்கிலாந்துக்கு 1086ஆம் ஆண்டின் நிலப் பதிவேடான டூம்ஸ்டே நூல் இருக்கிறது. நார்மானியர் படையெடுப்புக்கு முன்னும் பின்னும் நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்கள் அதில் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், எந்தப் பெயர் போய் எந்தப் பெயர் வந்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூல ஆவணங்களைப் படிக்க முடியாதவர்கள் ஏர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான் 1856இல் வெளியிட்ட பழைய ஜெர்மன் பெயர் அகராதியின் திருத்திய பதிப்பைப் பார்க்கலாம். அது 1900இல் வந்தது, பெயர்களை உறுப்பு வாரியாக அடுக்கித் தருகிறது. அதன் விளக்கங்கள் சில பழையதாகிவிட்டன, ஆனால் வடிவங்களின் திரட்டு இன்றும் பயன்படுகிறது.

ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆண்டையும் இடத்தையும் தவறாமல் குறியுங்கள். ஆண்டு இல்லாத வடிவம் சான்று ஆகாது. செல்லப் பெயராக இருந்தால், எந்த முழுப்பெயர் குறுகியது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்: ஹைன்ஸ் என்பது ஹைன்ரிஹ், ஃபிரிட்ஸ் என்பது ஃபிரீட்ரிஹ், குர்ட் என்பது கொன்ராட், ஹைடி என்பது அடெல்ஹைட். இந்தக் கடைசிப் பெயர் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்துதான் ஆலிஸ் ஆயிற்று என்பதைச் சொன்னால் பலர் நம்பத் தயங்குவார்கள். இடையில் இருக்கும் ‘ஆஅலிஸ்’ என்ற பழைய பிரெஞ்சு வடிவத்தைக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

நிலைமொழியும் வருமொழியும்

பழைய வடிவம் கைக்கு வந்ததும் அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பழைய ஜெர்மானியப் பெயர்களில் மிகப் பல இரு சொல் தொகைகள். நிலைமொழியாக அடிக்கடி வருபவை: அடல் (உயர்குடி), ஹ்ரோட் (புகழ்), சீகு (வெற்றி), ஃபிரிது (அமைதி), கேர் (ஈட்டி), ரெகின் (தெய்வங்களின் ஆணை, ஆலோசனை), குந்த் (போர்). வருமொழியாக அடிக்கடி வருபவை: பெர்ஹ்ட் (ஒளி), ஹார்ட் (உறுதி), ரீக் (ஆள்பவன்), வால்ட் (ஆட்சி), ஹெல்ம் (தலைக்கவசம்), ஹில்ட் (போர்), ட்ரூட் (வலிமை), முண்ட் (காவல்). சில சொற்கள் இரண்டு இடத்திலும் வரும். ஓநாயைக் குறிக்கும் ‘வோல்ஃப்’ வோல்ஃப்காங்கில் முன்னும் ருடோல்ஃபில் பின்னும் நிற்கிறது.

வருமொழிதான் பெயரின் பாலைக் காட்டும். ஹில்ட், ட்ரூட், புர்க், லிண்ட் என முடிந்தால் பெண்; பெர்ஹ்ட், ஹார்ட், வால்ட், ரீக் என முடிந்தால் ஆண். பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை, அந்தச் சொல்லின் இலக்கணப் பாலே வழிகாட்டுகிறது. அதனால்தான் மென்மை எதிர்பார்ப்பவர்களுக்கு வியப்பூட்டும் வகையில் பெண் பெயர்களில் போர் நிறைந்திருக்கிறது. ‘வீக்’ மட்டும் லுட்விக்கில் ஆணுக்கும் ஹெட்விக்கில் பெண்ணுக்கும் வந்து இந்த விதியைச் சற்று மீறுகிறது.

எல்லாப் பெயர்களும் இரண்டாகப் பிரியும் என்று வலிந்து வெட்டக் கூடாது. கார்ல் ஒரே சொல். ‘ஆடவன், சுதந்திரக் குடிமகன்’ என்று பொருள். சார்லஸ், கார்லோ எல்லாம் இதுவே. 814இல் இறந்த பேரரசர் சார்லமேனின் புகழ் எவ்வளவு பரவியது என்றால், போலந்து மொழியில் ‘க்ருல்’, செக் மொழியில் ‘க்ரால்’ என அரசன் என்னும் பொதுச்சொல்லே இந்தப் பெயரிலிருந்து உருவாகிவிட்டது. பெயர்ச்சொல்லுக்குப் பொருள் தேடப் போய், பொதுச்சொல்லுக்கே பெயர் மூலமாக இருப்பதைக் காணும் இடம் இது. ஓட்டோ, எம்மா, ஹூகோ ஆகியவையும் ஓருறுப்புப் பெயர்களாக நிற்கின்றன. ஓட்டோவுக்குள் ‘செல்வம்’ என்னும் சொல்லும், எம்மாவுக்குள் ‘முழுமை, பெருமை’ குறிக்கும் ‘எர்மென்’ என்னும் கூறும், ஹூகோவுக்குள் ‘மனம்’ என்னும் சொல்லும் உள்ளன.

ஒலி மாற்றங்களைச் சரிபார்த்தல்

ஒரே பெயர் பல நாடுகளில் பல முகங்களோடு திரிவதற்குக் காரணம் முறையான ஒலி மாற்றங்கள்தான். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் காதுக்கு ஒத்து வருவதையெல்லாம் உறவாக்கிவிடுகிறார்கள். நான்கு மாற்றங்களை அறிந்து வைத்திருந்தால் பெரும்பாலான பெயர்களைக் கையாளலாம்.

முதலாவது, ரகர லகரங்களுக்கு முன் நின்ற ஹகரம் மறைந்தது: ஹ்ரோட் ‘ரோட்’ ஆயிற்று, ஹ்லுட் ‘லுட்’ ஆயிற்று. இரண்டாவது, பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளில் சொல் முதல் வகரம் ‘கு’ ஒலி சேர்ந்து மாறியது: ‘விருப்பம், உறுதி’ எனப் பொருள்படும் ‘வில்’, ‘ஹெல்ம்’ இரண்டும் சேர்ந்த வில்ஹெல்ம் பிரான்சில் கியோம் ஆகவும் ஸ்பெயினில் கியேர்மோ ஆகவும் வழங்குகிறது. வடக்கு நார்மண்டிப் பேச்சில் வகரம் நிலைத்ததால் இங்கிலாந்துக்கு அது வில்லியமாகவே போய்ச் சேர்ந்தது. மூன்றாவது, நாக்கைப் பல்லிடை வைத்து ஒலிக்கும் பழைய தகரம் ஜெர்மன் மொழியில் டகரச் சாயல் பெற்றது: தியோடோரிக் ஜெர்மனியில் டீட்ரிஹ், பிரான்சில் தியெரி, ஆங்கிலத்தில் டெரிக். நான்காவது, தென் ஜெர்மன் வட்டாரங்களில் ககரம் ஹகரமாகத் தேய்ந்தது: வடக்கே ஃபிரெடெரிக், தெற்கே ஃபிரீட்ரிஹ்.

தொடக்கத்தில் எடுத்த ராபர்ட்டை இந்தக் கண்ணாடி வழியே பார்ப்போம். மூல உறுப்புகள் ஹ்ரோட், பெர்ஹ்ட். ஃபிராங்கிய நிலத்தில் ஹ்ரோட்பெர்ட். ஹகரம் போய், நடு டகரமும் கரைந்து, ரோபெர். நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபோது இந்த வடிவம் அவர்களோடு கடல் கடந்தது. வெற்றி கொண்ட வில்லியமின் தந்தையே நார்மண்டிக் கோமகன் ராபர்ட்தான். தென் ஜெர்மனியில் அதே பெயர், பகரம் வல்லொலி பெற்று, இடையொலி கெடாமல், ருப்ரெஹ்ட் என்று வளர்ந்தது. சால்ஸ்பர்க் நகரின் காவல் புனிதரான ரூபெர்ட்டின் பெயரும் இதுவே. ஆக ராபர்ட், ரூபெர்ட், ருப்ரெஹ்ட் மூன்றும் ஒருவரே. இதேபோல் ரெகின், வால்ட் இரண்டும் சேர்ந்த பெயர் ஜெர்மனில் ரைன்ஹோல்ட், பிரெஞ்சில் ரெனோ, இத்தாலியனில் ரினால்டோ, ஆங்கிலத்தில் ரெனால்ட். ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நார்ஸ் வழியாக வந்த கிளைதான் ரொனால்ட்.

பொருள் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுதல்

உறுப்புகள் இரண்டும் தெரிந்துவிட்டன. இனி அவற்றை ஒரு வாக்கியமாகக் கோக்கும் ஆசை வரும். அந்த ஆசையை ஹெட்விக் என்ற பெயர் தணிக்கும். அதன் நிலைமொழி ‘ஹாடு’, வருமொழி ‘வீக்’; இரண்டுக்கும் பொருள் போர். ‘போர்ப்போர்’ என்று யாரும் மகளுக்கு எண்ணிப் பார்த்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் எப்படி வைத்தார்கள்? 1062இல் வூஸ்டர் ஆயரான புனித வுல்ஃப்ஸ்டானின் பெயரைப் பாருங்கள். வுல்ஃப் என்றால் ஓநாய், ஸ்டான் என்றால் கல். ‘ஓநாய்க்கல்’ என்பதற்கு எந்த உருபைப் போட்டாலும் பொருள் தேறாது. ஆனால் அவருடைய தாயின் பெயர் வுல்ஃப்கிஃபு, தந்தையின் பெயர் ஏதெல்ஸ்டான். தாயிடமிருந்து நிலைமொழி, தந்தையிடமிருந்து வருமொழி. பிள்ளை இருவருக்கும் உரியவன் என்று பெயரே சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறிய ஹில்டெபிராண்ட் பாடலிலும் பாட்டன் ஹெரிபிராண்ட், தந்தை ஹில்டெபிராண்ட், மகன் ஹாடுபிராண்ட் என வருமொழி மாறாமல் தலைமுறை தாண்டி இறங்குகிறது. மூன்று பெயர்களும் ஒரே ஹகரத்தில் தொடங்கி மோனையும் கொள்கின்றன. குடும்பத்தைக் காட்டுவதே இங்கே பெயரின் வேலை.

இதை வைத்து, உறுப்புகளின் பொருளை அந்தக் காலத்தவர் அறியவே இல்லை என்று மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. மேலே சொன்ன ஆயருக்கு முன்னவரான இன்னொரு வுல்ஃப்ஸ்டான், 1023இல் இறந்த யார்க் பேராயர், தம் பிரசங்கங்களில் தம்மை லத்தீனில் ‘லூப்புஸ்’, அதாவது ஓநாய், என்று குறித்துக்கொண்டார். அவர் காலத்து அரசன் ஏதெல்ரெட்டின் பெயரில் ‘உயர்குடி’, ‘ஆலோசனை’ என்னும் சொற்கள் உண்டு. பின்னாளில் அவனுக்கு ஒட்டிக்கொண்ட ‘உன்ராட்’ என்ற பட்டம் ‘ஆலோசனை கெட்டவன்’ என்று அவன் பெயரையே திருப்பிப் போட்டுச் செய்த கிண்டல். சொற்கள் காதில் விழுந்தன, பொருளும் தெரிந்தது. அவற்றைச் சேர்த்து ஒரு கூற்றாகப் படிக்கும் கட்டாயம்தான் இருக்கவில்லை. ஆகவே ராபர்ட்டுக்கு எழுத வேண்டியது ‘புகழ், ஒளி’ என்பது மட்டுமே.

பின்னாளில் ஒட்டிக்கொண்ட பொருளையும் தனியாகக் குறிக்க வேண்டும். ரோசமுண்ட் என்பது 6ஆம் நூற்றாண்டு லொம்பார்டு அரசி ஒருத்தியின் பெயர். ‘குதிரை’, ‘காவல்’ என்பன உறுப்புகளாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. லத்தீன் கற்றவர்கள் அதில் ‘ரோசா முண்டி’, உலகின் ரோஜா, என்று கேட்டார்கள். இந்தப் பொருள் வேர் அல்ல, ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பெண்களுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் மனத்தில் இருந்தது குதிரை அல்ல, ரோஜாதான். ஹெர்மான் என்பது ‘படை’, ‘ஆள்’ என்னும் உறுப்புகளால் ஆனது, கி.பி. 9இல் ரோமப் படையை அழித்த ஆர்மினியுஸின் பெயரோடு அதை ஒன்றாக்கியது 16ஆம் நூற்றாண்டு அறிஞர்களின் வேலை.

பெயர் ஏன் பிழைத்தது என்பதையும் எழுதுதல்

வேர் ஒன்று, வழக்கு வேறொன்று. நார்மானியர் வருகைக்குப் பின் ஆங்கிலோ-சாக்சன் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தபோது எட்வர்ட் (செல்வம், காவலன்) மட்டும் தழைத்ததற்குக் காரணம், 1161இல் புனிதராக அறிவிக்கப்பட்ட எட்வர்ட் அரசர் மீது இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி கொண்டிருந்த பக்தி, 1239இல் பிறந்த தம் மகனுக்கு அவர் அந்தப் பெயரை வைத்தார். ஓஸ்கார் என்ற பெயர் ஸ்வீடனில் வேர்விட்டது 1799இல் பிறந்த ஒரு குழந்தைக்கு அதன் ஞானத்தந்தை நெப்போலியன் இட்ட பெயரால். அந்தக் குழந்தை 1844இல் ஸ்வீடன் அரசனாயிற்று. அதிலும் நெப்போலியன் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது ஸ்காட்லாந்தின் ஓசியன் கவிதைகளிலிருந்து. ஆகவே அதற்குள் ‘தெய்வம்’, ‘ஈட்டி’ என்னும் ஆங்கிலோ-சாக்சன் சொற்களைக் காட்டுபவர்கள், ‘மான்’, ‘நண்பன்’ என்னும், ஸ்காட்லாந்தின் கேலிக் (Gaelic) மொழிச் சொற்களையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

முடிவைப் பதியும்போது வேர், வடிவங்கள், உறுப்புகளின் பொருள், வழக்கின் வரலாறு என்ற வரிசை போதும். கெர்ட்ரூடுக்கு நான் எழுதிவைத்திருக்கும் குறிப்பை அப்படியே தருகிறேன்:

கெர்ட்ரூட். பெண். ஃபிராங்கிய வழக்கு. பழைய லத்தீன் வடிவம் ‘கெரெத்ரூதிஸ்’. நிலைமொழி கேர், ஈட்டி. 455இல் ரோமைச் சூறையாடிய வாண்டல் அரசன் கைசெரிக்கின் பெயரில் இதே சொல், சகரம் ரகரமாக மாறுவதற்கு முந்தைய நிலையில், நிற்கிறது. வருமொழி ட்ரூட், வலிமை. நார்ஸ் புராணத்தில் தோர் கடவுளின் மகள் பெயராகவும் இச்சொல் வருகிறது. ‘அன்புக்குரிய’ என்னும் ஜெர்மன் சொல் ‘ட்ராவ்ட்’டோடு சேர்த்துப் பார்ப்பது பிற்காலத்து ஒட்டு. பரவியதற்குக் காரணம் 659இல் இறந்த நிவெல் மடத் தலைவி புனித கெர்ட்ரூட். செல்லப் பெயர்கள் ட்ரூடெ, ட்ரூடி. கெர்டா இதன் குறுக்கம் அன்று. அது நார்ஸ் ‘கெர்த்’ என்னும் வேறு பெயர். பொருள்: ஈட்டி, வலிமை.